பதிவில் இருந்த பதினோரு அழைப்புகள்

லேப்டாப்பின் மோடம் போன் லைனில் இணைப்பைப் பிடிக்கும்போது ஒரு கரகரப்புச் சத்தம் வரும், அக்கா. உங்கள் அப்பாவின் கட்டிலுக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரே சுவர்தான் என்பதால் எனக்கு நன்றாகக் கேட்கும். காலையில் அது கேட்டால், மாமா கிளினிக் நர்ஸுக்குச் செய்தி அனுப்புகிறார் என்று புரிந்துகொள்வேன்.

மாமாவின் கடைசி வாரத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். பேச எனக்கு வராது. எழுதுகிறேன்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மாமாவுக்குக் குரல் போய்விட்டது. தனியாக எழுந்து நடக்கவும் முடியவில்லை. போன் இருந்தும் பயனில்லை. லேப்டாப்தான் அவருக்கு வாய். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். "நீ வாய் இருந்தும் பேச மாட்டே. நான் வாய் போயும் தொணதொணக்கிறேன். நல்ல கூட்டணி" என்று லேப்டாப்பில் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

ஆனால் அந்த மோடத்தை லினக்ஸில் இயக்கும் டிரைவர் மென்பொருளை, மோடம் தயாரித்த கம்பெனி கொடுக்கவில்லை. எங்கள் லினக்ஸ் பயனர் குழுவில் நானூறு பேருக்கு இதே சிக்கல். எல்லோர் சார்பிலும் கடிதம் எழுதுவது என் வேலை. இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டுக் கடிதங்கள். பதில் ஒன்றேதான்: தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கிடையில் குழுவிலிருந்த ஒரு மாணவர் தானே ஒரு டிரைவர் எழுதினார். நானூறில் ஆறு மோடங்களில்தான் அது ஓடியது. மாமாவுடையது அதில் ஒன்று.

பிறகு கம்பெனி சற்று இறங்கி வந்தது. வியாழக்கிழமை ஓர் இன்ஜினியர் ஒரு லேப்டாப்பை நேரில் பார்ப்பார் என்றார்கள். எங்கள் ஊரில் அந்த மோடம் மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. "அதான் ஓடுதேம்மா, அப்புறம் எதுக்கு எங்க உயிரை வாங்குறீங்க?" என்று இன்ஜினியர் கேட்டுவிட்டால் மற்றவர்களின் கதி என்ன?

திங்கட்கிழமை மாமாவின் லேப்டாப்பிலிருந்து அந்த மாணவரின் டிரைவரை எடுத்துவிட்டேன்.

வியாழன் காலையில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் லேப்டாப் ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு பதிவு செய்யும். இன்ஜினியர் அதைத்தான் பார்ப்பார். தோல்விகள் அதில் இருக்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும். பொய்யாக எதையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தால் அவர் நிஜமாக டயல் பண்ண மாட்டார் என்பதால் மாமாவிடமும் சொல்லவில்லை.

"மோடமும் உன்கிட்ட டியூஷன் வருதா? வாயே திறக்கலையே" என்று செவ்வாய்க்கிழமை தட்டிக் காட்டினார்.

"விடாம டயல் பண்ணிட்டே இருங்க மாமா, கிடைக்கும்" என்றேன். அவரிடம் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

புதன்கிழமை மதியம் சுவரில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. மோடத்தைப் பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் டிரைவரைத் திரும்பப் போட்டுவிடுவேன். இன்னும் ஒரு நாள்தானே. தட்டல் பலமானது, பிறகு விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றது. இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டிய குறிப்பை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன்.

மாலையில் சாப்பாடு கொண்டுபோன அம்மாதான் பார்த்தாள். தொண்டையில் ரத்தக்குழாய் உடைந்து, உயிர் போயிருந்தது. உடனே தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தே, ஒண்ணுமே கேக்கலையாடி?" என்றாள் அம்மா. இல்லை என்று தலையாட்டினேன். நான் பேசாதவள் என்பதால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். லேப்டாப்பை நானே திறந்து காட்டினேன். புதன்கிழமை மட்டும், இரண்டு பத்திலிருந்து இரண்டு முப்பத்தொன்று வரை, நர்ஸுக்குக் கிடைக்காத பதினோரு அழைப்புகள். அவர் உட்காரவே இல்லை. "பதினோரு தடவையா?" என்றார். அவ்வளவுதான்.

ஐந்தே வாரத்தில் கம்பெனி டிரைவரை வெளியிட்டது. "உன்னாலதான்டி அப்பா சாவுக்கு ஒரு நியாயம் கிடைச்சுது" என்று நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள்.

அன்று நீங்கள் கிளம்பியதும் கம்பெனி டிரைவரை மாமாவின் லேப்டாப்பில் போட்டு, சோதனைக்கு நர்ஸுக்கு ஒரு வரி அனுப்பினேன். முதல் முயற்சியிலேயே போய்விட்டது. நாங்கள் கேட்டபோதே கொடுத்திருந்தால் மாமா இன்று இருந்திருப்பார், அக்கா. அவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.