பதினோரு நாள் கஞ்சி

“செடிக்கும் காய்ச்சல் வருமா பெரியம்மா?” என்று எதிர்வீட்டுத் தமிழ்மதி ஒருநாள் கேட்டாள். கத்தரிக்கு நான் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். விஷம் என்று சொல்லிச் சின்னப் பிள்ளையைப் பயமுறுத்த மனம் வரவில்லை. “வரும் தாயி, அதுக்குத்தான் மருந்து” என்றேன். பக்கத்தில் நின்ற மணிமேகலை அக்காவும் தலையாட்டிக்கொண்டார். அவர் திண்டுக்கல் டவுனில் பிறந்து, தையல் மிஷினிலேயே காலம் கழித்தவர். மருந்து என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

நாங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறி வெள்ளாமை செய்தவர்கள், ஐயா. கணவர் போனபின் வீட்டுவசதி வாரியத்தில் வீடு கிடைத்து இங்கே வந்தேன். மூன்றாம் மாடி. பிளாக்குக்குப் பின்னால் குப்பை கொட்டிய இடத்தைச் சுத்தம் செய்து, வீட்டுக்கு ஒரு பாத்தி பிரித்துக்கொண்டோம். மருந்து அடிப்பது என் பொறுப்பு. அடித்த பாத்தியில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவேன். வீரியம் இறங்கி நான் அவிழ்க்கும்வரை யாரும் பறிக்க மாட்டார்கள். ஏனென்று கேட்டதுமில்லை. காலையில் தோட்டத்தில் “புஷ்பமேரி, புஷ்பமேரி” என்று கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் என் கதவை யாரும் தட்டுவதில்லை.

போன ஐப்பசியில் எனக்கு டைபாய்டு. மணி அக்கா கீழ்வீட்டிலிருந்து பதினோரு நாள் மாடியேறிக் கஞ்சி கொண்டுவந்தார். ஸ்பூனால் ஊட்டி, வாயையும் துடைத்துவிட்டார். நான் யாரிடமும் எதையும் சும்மா வாங்கியவள் இல்லை. முருங்கைக்காய் கொடுத்தேன், முறுக்குச் சுட்டுக் கொடுத்தேன். அதெல்லாம் ஈடாகுமா? கஞ்சிக்குக் கஞ்சிதான் ஈடு. ஒவ்வொரு ஜெபத்திலும் அதைத்தான் கேட்டேன். அவருக்குத் தும்மல்கூட வரவில்லை.

“தலைவலி, கால்வலி ஒண்ணும் இல்லியாக்கா?”

“ஏன்டி, நான் எப்படா படுப்பேன்னு பாத்துக்கிட்டு இருக்கியா?” என்று சிரித்தார். “நான் தையல் மிஷின்டி. எண்ணெய விட்டா ஓடிக்கிட்டே இருப்பேன்.”

இந்த ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்: “வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு போறேன் புஷ்பம். மகன் கூப்பிட்டுட்டான். இனி அங்கனதான்.”

புதன் மாலை அவருடைய சிறுகீரைப் பாத்திக்கு மருந்து அடித்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. துணி கட்டவில்லை. வியாழன் காலை பறிக்க வந்தார்.

“மருந்து வாடை அடிக்குதே?”

“ஆமாக்கா, நேத்துத்தான் போட்டேன்.”

“அப்ப ஒடம்புக்கு நல்லதுதான?”

“நல்லதுதான். ரொம்பக் கழுவாதீங்க, சத்துப் போயிரும்.”

மருந்தை மருந்து என்றுதான் சொன்னேன், ஐயா. லேசாக முடியாமல் படுத்தால் போதும் என்று நினைத்தேன். பயணம் தள்ளிப்போகும். நான் பதினோரு நாள் ஊட்டுவேன்.

மத்தியானம் பிளாக்கில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாந்தி எடுத்துத் தரையில் கிடந்தார்.

“ஆஸ்பத்திரிக்குச் சொல்லு புஷ்பம்.”

“மொதல்ல ரெண்டு வாய் குடிங்கக்கா.”

ஆம்புலன்ஸ் வந்தால் கூட்டம் கூடும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்? தலையை மடியில் வைத்து ஊட்டினேன். வெளியே வந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். என் கையைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். காய்ச்சலில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். நாலு மணிக்கு அவர் கை குளிர்ந்துவிட்டது. கிண்ணத்தில் மீதி இருந்தது. அதையும் ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

கதவை ஏன் உள்பக்கம் தாழிட்டாய் என்று கேட்கிறீர்கள். நாலு பேர் பார்க்க உதவி செய்வது என் வழக்கமில்லை, ஐயா.