ஓடமா, குழாயா என்று உறையவைத்துப் பார்த்த தலைவிக்கு

அயனிகளை அக்கரை சேர்த்த ஆற்றலே! வளையங்களோடு வாழ்ந்த வித்தகியே! கண்ணுக்குத் தெரியாத சவ்வுக்காகக் கண்ணிமைக்காது காத்திருந்த பெருமாட்டியே! ஆய்வகத் தலைவியாக இருந்தும் ‘அக்கா’ என்றழைத்தால்தான் திரும்பிப் பார்க்கும் எங்கள் அக்காவே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

உயிரணுவைச் சூழ்ந்திருப்பது கொழுப்புச் சவ்வு. மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் அயனி அதில் தானாக நுழைய முடியாது. அமினோ அமிலங்களைக் கோத்து, தலையையும் வாலையும் இணைத்து, வளையப் பெப்டைடு ஒன்றைப் படைத்தீர்கள். அது அயனியைக் கடத்தியது. எப்படிக் கடத்தியது? அயனியை மடியில் மறைத்துக் கொழுப்பில் நீந்தும் ஓடம் என்றீர்கள் நீங்கள். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நின்று குழாயாகின்றன, அயனி அதன் வழியே போகிறது என்றார் எதிரறைப் பேராசிரியர். அன்று மூண்டது போர்! தேநீர் மேசையில் ஒருவர் அமர்ந்தால் மற்றவர் எழுந்து போவார். நடுவில் மாட்டிக்கொண்டு நாங்கள் திருதிருவென விழித்தோம்.

உங்கள் பணிக்கால உழைப்பெல்லாம் திரண்ட ஓடக் கொள்கை நூலாக அச்சேற இருந்தது. குளிரில் கிழியாத சவ்வுக் கலவை அப்போதுதான் நமக்குக் கைகூடியது. உறையவைத்துப் பார்ப்போம் என்றீர்கள். கொழுப்பு இறுகினால் ஓடம் நகராது, அயனிகள் கடப்பதால் எழும் மின்னோட்டம் நிற்கும், குழாயென்றால் நிற்காது.

“இப்ப எதுக்குக்கா? புத்தகம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று கெஞ்சினோம்.

“தப்பா இருந்தா அதையும் அட்டை போட்டு விக்கச் சொல்றீங்களா?” என்றீர்கள்.

உப்புநீர் நிறைந்த இரு கிண்ணங்களுக்கு இடையே ஊசித்துளை; அதன்மேல் தூரிகையால் வளையம் கலந்த கொழுப்பைத் தடவிச் சவ்வை நீங்களே விரித்தீர்கள். அதிர்வில் சவ்வு கிழிந்துவிடுமோ என்று கதவைச் சாத்தவும் எங்களுக்குப் பயம். குளிரவைத்ததும் சவ்வு இறுகியது. மின்னோட்டமோ நிற்கவே இல்லை. வளையம் சேர்க்காத சவ்வையும் குளிரவைத்தீர்கள். அதில் மின்னோட்டம் இல்லை. கிழிசல் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லாமல் போனது.

 நீங்கள் கையைக் கழுவிவிட்டு எதிரறைக் கதவைத் தட்டினீர்கள். “குழாய்தாங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க.” அவர் வந்தார், பார்த்தார். நூலைத் திரும்பப் பெற்றீர்கள். அந்த மகுடம் இல்லாமலே ஓய்வு பெறுகிறீர்கள். எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு, மறைப்பானேன்! ஆனால் இந்த ஆய்வகம் ஒன்றைச் சொன்னால் நம்பலாம் என்ற நற்பெயர் உங்களால் வந்தது. அதை நினைக்கும்போது பெருமையில் நெஞ்சு நிமிர்கிறது.

உடல் நலமும் உள்ள நிறைவும் குன்றாமல், உற்றார் சூழ, அலாரத்தின் தொல்லையின்றி ஆற அமர உறங்கி எழுந்து நெடுங்காலம் வாழ்க!

இதுவரை வாசித்த இம்மடலை எழுதித் தந்தவர் எதிரறைப் பேராசிரியர். நீங்களே வாசியுங்கள் என்று அவரிடம் கேட்டோம். “என்னால முடியாதுப்பா. நாளையிலிருந்து நான் யார்கூடச் சண்டை போடுவேன்?” என்று தாளை எங்கள் கையில் திணித்துவிட்டு, அதோ, கடைசி வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆய்வகத்தார்