ரெண்டு இஞ்ச் தண்ணி

உக்காருங்க பாஸ்டரய்யா, எந்திரிக்காதீங்க. எங்க ஊட்டுக்காரரு சொசைட்டில பால் ஊத்திட்டு வாரேன்னு போயிருக்காரு, வர இன்னுங் கொஞ்ச நேரமாவும். அதுக்குள்ள நான் பேச வேண்டிய பேச்சு கொஞ்சம் கெடக்குது. இந்தாங்க டீ.

இல்லீங்க, ஜெபம் அப்பறம் பண்ணிக்கலாம். மொதல்ல கண்ணத் தொறங்க.

ஞாயித்துக்கெழம நானும் அவரும் சபையில எந்திரிச்சு நின்னு போர்வெல் சாட்சி சொல்லோணும்னு கேக்கறீங்க. சரி. மூணு நாள் உபவாசம் இருந்தீங்க, எங்க காட்டச் சுத்தி வந்தீங்க, ஒரு முளக்குச்சி நட்டு அதுமேல எண்ணெய் ஊத்துனீங்க. திருச்செங்கோட்டுல இருந்து போர் போடற ரிக் வண்டி வந்து நின்னு, நானூத்தம்பது அடியில ரெண்டு இஞ்ச் தண்ணி பீச்சி அடிச்சுது. சேந்தமங்கலம் சுத்துவட்டத்துல ஆயிரம் அடி போனாலும் வெறும் புழுதிதான் பறக்குது. பக்கத்துக் காட்டு அப்புசாமி கையில தேங்கா வெச்சுத் தண்ணிக்குப் பாயிண்ட் பாத்தாரு, ரெண்டு போரும் பொய்யாப் போச்சு. அதெல்லாம் நெசந்தானுங்க. நான் மறுக்கல.

அன்னைல இருந்து எங்க ஊட்டுக்காரருக்கு நீங்க சொன்னா அதுக்கு மேல அப்பீல் இல்ல. வண்டிக்கு டயர் மாத்தறதுக்கு உங்களுக்குப் போனு. எருமைக்குச் சென ஊசி போடறதுக்கும் பாஸ்டரய்யாவக் கேளு. சிரிக்காதீங்க. டயரோட நின்னிருந்தா நானுஞ் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இப்ப சௌந்தர்யா விசயத்துல வந்து நிக்குதே.

எம்மவ நாலு வருசம் நர்சிங் படிச்சு, சேலத்துல ஆஸ்பத்திரி டூட்டி பாத்துக்கிட்டே ஜெர்மன் பாஷையும் படிச்சவ. லீவுக்கு வந்தா எருமைக்குத் தவுடு கலக்கறப்பக்கூட அந்தப் பாஷையிலதான் மொணமொணப்பா. இந்நேரம் எருமை பாஸாயிருக்கும். அந்த ஜெர்மன் ஊரு ஆஸ்பத்திரில வேல குடுத்தாச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்போணும், இல்லீன்னா வேற ஆளுக்குப் போயிரும். நீங்க என்ன சொன்னீங்க? ஜெபத்துல ஒரு கப்பல் பாதி வழியில திரும்பி வாரதப் பாத்தேன், கர்த்தர் தடை பண்றாருன்னு. ஏனுங்கய்யா, அவ ஏரோபிளேன்லதான போறா?

கோவிச்சுக்காதீங்க. பொய் சொல்றீங்கன்னு சொல்லல. கப்பலப் பாத்திருப்பீங்க. அது எம்மவ கப்பல்தான்னு ஆரு சொன்னா?

அவங்கப்பன், தண்ணி காட்டுன வாயி தப்புச் சொல்லுமான்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. அப்பன் சரின்னு சொல்லாம இவளும் போவ மாட்டா. ரெண்டு நாளாச் சோறு திங்காம உள்ள படுத்துக் கெடக்கறா. எந்திரி சாமி, ஒரு வாய் உண்டுட்டுப் படுன்னா, ஏம்மா, நான் நல்லாருக்கறது கர்த்தருக்கே புடிக்கலியான்னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்றது? நீங்க சொல்லுங்க.

தெரியுங்க, காத்திருக்கோணும், அமைதியா இருக்கோணும். நானுங் கான்வெண்ட்ல படிச்சவதான். பரீட்சை அன்னைக்குச் சேப்பல்ல முட்டி போட்டுக்கிட்டிருந்தா எங்க கணக்கு சிஸ்டர் காதப் புடிச்சு இழுத்துட்டு வருவாங்க. உனக்குப் பதிலா ஆண்டவரு வந்து எழுத மாட்டாருடி, நீ எழுது, வேணும்னாப் பக்கத்துல உக்காரச் சொல்லுன்னு. முப்பது வருசமா நான் கும்புடறது அந்தப் பக்கத்துல உக்கார்றவரத்தான்.

போருக்கும் ஜெபம் பண்ணேன். ஆமாங்க, நானுந்தான். நீங்க குச்சிய நட்டுட்டு வேறொரு ஊட்டு ஜெபத்துக்குப் போயிட்டீங்க. இவரு எடத்தக்கூடப் பாக்காம கேசிங் பைப்பு எடுக்க நாமக்கல் போயிட்டாரு. நான் போயி அந்தக் குச்சிகிட்ட நின்னேன். மாட்டுக்கொட்டாய்க்குத் தெக்கால, ஊட்டுல இருந்து எரநூறு தப்படி. ஆண்டவரே, இதுதான் எடமா, ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கேட்டேன். ஒண்ணுஞ் சொல்லல. காத்துகூட அடிக்கல.

கெணறு வத்துனதுல இருந்து குடத்தச் செமக்கறது நானு. தண்ணி எங்க வந்தாலும் பைப்பு அப்பறம் இழுத்துக்கலாம்பாரு அவரு. எங்க ஊட்டுல அந்த அப்பறம் இருவத்தாறு வருசமா வரல. அந்த எரநூறு தப்படியையும் நடந்து பாத்தேன். திரும்பி வந்து உங்க குச்சியப் புடுங்குனேன். சமையக்கட்டுக்குப் பின்னால, அம்மிக்கல்லுக்கு அக்கட்டால கொண்டாந்து நட்டேன். ஆண்டவரே, எனக்கு இங்கதான் வசதி, நீங்களும் இங்கயே வாங்கன்னு சொல்லிட்டு உல வெக்கப் போயிட்டேன்.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குந் தெரியுமே. தண்ணி வந்த சேதி கேட்டு வந்தீங்க. கொட்டாய்ப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தீங்க. அம்மிக்கல்லுகிட்ட இருக்கற போரப் பாத்தீங்க. என்னையப் பாத்தீங்க. அப்பறந்தான் கையத் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னீங்க. நான் குத்தஞ் சொல்லலீங்க. அவ்வளவு தண்ணியப் பாத்தா ஆருக்கும் வாய் அடைச்சுத்தான் போவும். நானே அன்னைக்கு அழுதேன்.

அதா, மொபெட் சத்தம். வந்துட்டாரு. குச்சி எடம் மாறுனத நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க, அதான் உங்களுக்கு மரியாத. இல்லீன்னா இப்பவே நாஞ் சொல்றேன். ஞாயித்துக்கெழம மைக்கக் குடுத்தாலும் சொல்றேன். சாட்சின்னா முழுசாத்தானுங்க சொல்லோணும்.

டீயக் குடிங்க, ஆறுது. அந்தத் தண்ணியிலதான் போட்டேன்.