வாசலில் விட்ட செருப்பு

வேங்கிக்காலில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில் டிரைவர் இருந்தார். மடியில் கூடையோடு ஒரு பூக்காரம்மா இருந்தார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வந்த புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். புருஷன் கையில் கட்டு. ஓரத்தில் நான்.

“அடிக்க வந்தவனுங்க செருப்ப எதுக்கு கழுவி வாசப்படியில வெச்சிருக்கற?” என்று புருஷன் கேட்டார்.

“சேறா இருந்துச்சுங்க.”

பூக்காரம்மா திரும்பினார். “யாரும்மா அடிச்சது?”

“போன ஞாயித்துக்கெழம எங்க ஜெப வீட்டுல பூந்துட்டானுங்க. பாட்டு பாடக்கூடாதுன்னு ஜன்னல ஒடச்சானுங்க, இவரயும் அடிச்சானுங்க. தெரு சனம் கூடுனதும் வெறுங்காலோட ஓடிட்டானுங்க.”

“ஏன் வெறுங்காலு?”

“வாசல்ல செருப்ப கழட்டி வுட்டுட்டுத்தான் உள்ள வந்தானுங்க.”

டிரைவர் சிரித்துவிட்டார்.

“அத தூக்கிப் போடு,” என்றார் புருஷன். “இந்த வாரம் கதவ சாத்திக்கினு மெதுவா பாடிக்கலாம்.”

“நாம என்ன திருடறமா, கதவ சாத்த? தெறந்து வெச்சு, எப்பவும் போல சத்தமாத்தான் பாடுவேன்.”

“மறுபடியும் வந்தா?”

“எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. ஆனா அடிக்க வந்தப்பவும் அவனுங்க காலுக்கு மரியாத தெரிஞ்சிருக்குதே. படியிலயே இருக்கட்டும். எடுத்துக்கினு போகட்டும், இல்ல உள்ள வந்து ஒக்காரட்டும்.”

கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

புருஷன் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“மழ வந்தா நனையும். கூரைக்குக் கீழ தள்ளி வெய்யி. எத்தன ஜோடி?”

“மூணு.”