செவ்வாய்க்கிழமைக்கு ஒரு கச்சேரி

வாரத்தின் ஏழு நாளுக்கும் கேட்கத் தகுந்த கச்சேரி ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் செவ்வாய்க்கிழமைதான் கழுத்தை அறுக்கும். வெள்ளி, சனியில் எதை விடுவது என்பதே கவலை. ஞாயிறன்று பூங்காவில் பித்தளை வாத்தியக் குழு வந்துவிடும். திங்களன்று இசைப்பள்ளி ஆசிரியர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்வார்கள். நான் நாலு வரி தூக்கி எழுதினால் இருபது பேராவது எட்டிப் பார்ப்பார்கள். செவ்வாயன்று யாரும் மேடை ஏறுவதில்லை. அந்த ஓர் இடத்தை நிரப்ப நான் பட்ட பாடு என் பக்க ஆசிரியருக்குத் தெரியும்.

நீங்கள் சாவியைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் தப்பாகத்தான் புரியும். எழுதிக்கொள்பவர் கொஞ்சம் பொறுமையாக எழுதட்டும்.

நான் அக்கார்டியன் வாசிக்கிறவன். பதினொரு கிலோ பெட்டியை முப்பது வருடம் தோளில் மாட்டியதில் இடது தோள் இறங்கிவிட்டது. பத்திரிகையில் வியாழக்கிழமைதோறும் வரும் ‘இந்த வாரம் ஏழு’ என்ற பகுதியை ஒன்பது வருடமாக எழுதுகிறேன். தெருவில் என்னை ஏழுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எழுதினால் கூட்டம் வரும். எழுதாவிட்டால் நாற்காலிகள்தான் கேட்கும். இதில் எனக்குப் பெருமை கிடையாது. ஒரு டிரம்பெட்காரர் என் வாத்தியத்தை மேடையிலேயே துருத்திப் பெட்டி என்று கிண்டல் செய்தார். அவரைப் பற்றி நான் ஒரு வரிகூடத் தப்பாக எழுதியதில்லை. எழுதவே இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடத்தில் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு மருந்துக் கம்பெனி வேன் ஓட்டப் போய்விட்டார். வழியில் பார்த்தால் இன்றும் நலம் விசாரிப்பேன்.

என் தங்கையை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். முப்பத்து நாலு வயதாகிறது. அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியதும் நான்தான், சுருதி சேர்த்ததும் நான்தான். பதினாலு வயதில் என் பக்கத்தில் நின்று பாட ஆரம்பித்தாள். இருபது வருடம் என்ன பாட்டு, எந்த சுருதி, எங்கே மூச்சு எடுப்பது எல்லாம் நான் சொல்லித்தான். குளிர்ந்த தண்ணீர் கொடுத்ததில்லை. காற்று பட்டால் தொண்டை கட்டும் என்று அவள் அறையின் ஜன்னல்களுக்கு ஆணி அடித்து வைத்தேன். இரண்டு வரன்கள் வந்தன. இரண்டு பேர் வீட்டிலும் பாடுவதை விடச் சொல்வார்கள் என்று தோன்றியது, நானே பேசி அனுப்பிவிட்டேன். ஒரு நாள்கூடக் கை ஓங்கியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பையோடு வாசலில் நின்றாள். எங்கள் கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி வைக்கும் சவுண்டுக்காரர் தெருமுனையில் ஆட்டோவோடு காத்திருந்தார். தையற்கடை மாடியில் அவளுக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்திருந்தார். அவர் நல்லவர்தான். அவளிடம் “உங்க குரலை நான் தனியா கேட்டதே இல்ல” என்று ஒரு தரம் சொன்னாராம். அதற்காக வீட்டை விட்டுப் போவார்களா? அவள் போனாள்.

பத்து நாளைக்கு முன் ஒரு புதன்கிழமை காலை அவள் வந்தபோது நான் அந்த வாரத்து ‘ஏழு’ பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். தபால் ஊழியர்களின் சேர்ந்திசைக்கு எழுதியது இப்போதும் நினைவிருக்கிறது: ‘இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவதாக நிற்கும் பெண்மணியைக் கவனியுங்கள், அவர் வாய் அதிகம் அசையாது, ஆனால் மொத்தக் குழுவும் அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.’ சனிக்கிழமை டிரம்ஸ்காரர்களுக்கு, ‘முன்வரிசையில் உட்காராதீர்கள், காது உங்களுடையது.’ இப்படித்தான் எழுதுவேன். செவ்வாய் மட்டும் காலியாக இருந்தது.

அவள் உட்காரவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள்.

“அண்ணா, செவ்வாய்க்கிழமை நான் தனியா பாடுறேன். பர்னிச்சர் கடைக்குக் கீழ இருக்கே, அந்த ஹால்ல. நீ அதை எழுதிடாதே.”

ஏன் என்று கேட்டேன்.

“எழுபது எண்பது பேருக்கு மேல தாங்காது. ஒரே மாடிப்படி. பின்கதவைத் திறந்து வச்சாத்தான் காத்தே வரும்” என்றாள். “அதோட, உன் பேருக்கு வர்ற கூட்டம் எனக்கு வேணாம். என்னைக் கேக்கணும்னு முப்பது பேர் வந்தா போதும்.”

“சரி பாப்பா” என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

உன் பேருக்கு வருகிற கூட்டம். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. அன்று மத்தியானம் எழுதி அனுப்பினேன்: ‘செவ்வாய்: இருபது வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவர் முதல் முறையாகத் தனியாகப் பாடுகிறார். இந்த வாரம் ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள். அனுமதி இலவசம். குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்.’ இதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஒன்பது வருடத்தில் நான் எழுதியதிலேயே மனசார எழுதியது அதுதான்.

என் நோக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பிதுங்கும், இரைச்சலில் அவள் குரல் எடுபடாது, பாதியில் நின்றுபோகும். அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதற்குமேல் நான் எதையும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை சவுண்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். கோபப்படவில்லை, கெஞ்சினார். மறுநாள் பத்திரிகையில் இடம் நிரம்பிவிட்டது என்று ஒரு வரி போடச் சொன்னார். அச்சில் வந்தது வந்ததுதான் என்றேன். வேறு ஹாலும் கிடைக்கவில்லையாம். போகும்போது, “பரவால்ல சார், பின்கதவு இருக்கு. கூட்டம் ஜாஸ்தியானா அந்த வழியா சந்துல இறக்கி விட்டுடறேன். சமாளிச்சுடலாம்” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். சமாளித்துவிடுவார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரும்புச் சாமான் கடையில் ஒரு பூட்டு வாங்கினேன். கடைக்காரர் என் வாசகர். “ஏழுக்காரரே, நீங்க எழுதினதைப் பார்த்தேன், இன்னைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திட்டு நானும் போகலாம்னு இருக்கேன்” என்றார். அவசியம் போங்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். கூட்டிக்கொண்டுதான் போனார். அவர் இருந்திருந்தால் பூட்டு வாங்கியதை அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். இல்லை என்பதால் நான் சொல்கிறேன்.

பின்பக்கம் தரை தாழ்வு, அதனால் அந்தப் பின்கதவு நேராக ஒரு குறுகிய சந்தில் திறக்கும். வெளிப்பக்கம் நாதாங்கி உண்டு. ஆறரை மணிக்கு அவள் முதல் பாட்டை ஆரம்பித்தாள். கதவு அரையடி திறந்திருந்தது. இடுக்கு வழியாகக் கொஞ்ச நேரம் கேட்டேன். நான் சொல்லிக் கொடுக்காத இடத்தில் மூச்சு எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. யாரும் பார்க்காதபோது கதவை மெதுவாகச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, பூட்டினேன். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருந்தால் அவளுக்கும் நல்லது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. எண்பது பேர் இடத்தில் நானூறு பேர். மூன்றாவது பாட்டில் ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஒயர் புகைந்தது. விளக்கு அணைந்தது. மாடிப்படியில் விழுந்தவர்கள்மேல் விழுந்தார்கள். மேடைப் பக்கம் இருந்தவர்கள் பின்கதவுக்கு வந்தார்கள்.

நான் சந்தில்தான் இருந்தேன். முதலில் ஒரு கை தட்டியது, பிறகு நிறையக் கைகள். தகரக் கதவு, அதிர்ந்தது. கீழ் இடுக்கில் புகை வர ஆரம்பித்தது. சவுண்டுக்காரர் குரல் கேட்டது. எல்லாரும் பின்னால் போங்க, பாடுறவங்களை முன்னால விடுங்க என்றார். அவள் கதவோடு ஒட்டி நிற்கிறாள் என்று தெரிந்தது. நான் குனிந்து, “பாப்பா, பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்” என்றேன்.

நான் திறந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். சந்துக்குள் ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டது, நான் ஆட்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டதுதான். முப்பத்தாறு பேர் அந்த வழியாக உயிரோடு வந்தார்கள். பத்திரிகையில் என் படம் போட்டார்கள். ஐந்து நாளாக வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அந்தப் புதுப் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் எப்படி இருந்தது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் பூட்டியதால் என்னிடம் இருந்தது.

தட்ட ஆரம்பித்ததற்கும் திறந்ததற்கும் நடுவே ஒன்பது நிமிடம் என்று தீயணைப்புக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். சாவி கையிலேயே இருந்தது. கை நடுங்கவில்லை. ஏன் ஒன்பது நிமிடம் என்று இனிமேல் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். என் குரலைக் கேட்டதும் அவள், “அண்ணா, கதவைத் திற அண்ணா” என்றாள். அந்த மாதிரி அவள் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பத்து வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவாளே, அதே குரல். சவுண்டுக்காரரைக் கூப்பிடவில்லை. அவர் பக்கத்திலேயேதான் நின்றார். என்னைத்தான் கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று இருந்தேன். கூப்பிட்டாள். மூன்றாவது தரம் குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அப்போதுதான் திறந்தேன்.

இறந்தது இருபத்தொரு பேர் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. ஏழு குழந்தைகள். சவுண்டுக்காரரும் அந்த இருபத்தொரு பேரில் ஒருவர். அவர் அவளைக் கதவோடு சேர்த்து மறைத்தபடி நின்றிருந்தார். அவரை விலக்கித்தான் அவளை எடுத்தேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். தொண்டைக்குள் வெந்துவிட்டதாம், இனிப் பாட்டு வராது என்கிறார் டாக்டர். பேச்சு வரும், ரகசியம் பேசுகிற மாதிரி, அதுவும் மெதுவாக. மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். இந்த ஐந்து நாளில் நான் அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வலி அதிகம் போலிருக்கிறது. தையற்கடை மாடியெல்லாம் இனி அவளால் ஏற முடியாது. வீட்டில் அவள் அறையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், மேடம். ஆறு மணிக்குமேல் ஆஸ்பத்திரியில் உள்ளே விட மாட்டார்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?