நாற்பது ஷட்டரும் ஒரு விரலும்

"ஹலோ... ஹலோ, மச்சான்! கேக்குதா?... கேக்குதுல்ல, அப்ப நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் கோட்டைத் தெருவுல இருக்கிற நாப்பது சாப்பாட்டுக் கடையையும் நான் மூடிட்டேன்... மூடிட்டேன்டா. ஒரே விரலால... ஆமா, ஆமா, விரலாலதான். வலது கை ஆள்காட்டி விரல்... சிரிக்காதே! இருபத்திரண்டு பேரைப் பசியோட பஸ்ல வச்சுக்கிட்டு எப்படிடா சிரிப்பு வருது உனக்கு?"

கோட்டை வாசலுக்கு எதிரே, இழுத்து மூடிய ஷட்டர்களுக்கு நடுவே, கைபேசியைக் காதோடு ஒட்டவைத்தபடி நின்றிருந்தார் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். முப்பத்திநாலு வருஷம் ஹோட்டல் அடுப்படிகளில் மூடி திறந்து மோந்து பார்த்ததில் தன் மூக்கு ஒரு அங்குலம் நீண்டுவிட்டது என்பார். அளந்து பார்த்தவர் யாருமில்லை. அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய ஊர்களைச் சுற்றிக்காட்டும் தொழிலில் இறங்கியிருந்தான். இதுதான் முதல் பயணம். இத்தனை பேரை எங்கே சாப்பிட வைக்கலாம் என்று பார்த்துச் சொல்வதற்காகவே ஆய்வாளரைக் காலை வண்டியில் முன்னால் அனுப்பியிருந்தான். இப்போது மணி பன்னிரண்டு இருபது.

"எப்படின்னா... இரு, சொல்றேன். மொதக் கடைக்குள்ள போய் உக்காந்தேன். கை சும்மா இருக்குமா? மேசை விளிம்புக்கு அடியில விரலை விட்டு ஒரு இழு. எடுத்து மோந்தேன்... பழக்கம்டா! மூக்குத்தான் ரிட்டயர் ஆகலையே. சர்வர் பார்த்துட்டான். அவன் கையில இருந்த தட்டெல்லாம் டமார்... அப்புறம் பையில இருந்து டார்ச்சை எடுத்தேன்... எதுக்கா? உள்ள ஒரே இருட்டு, எத்தனை நாற்காலின்னு எண்ண வேண்டாமா? எண்ணி நோட்டுல எழுதினேன். 'இருபத்திரண்டு பேருக்கு இடம் பத்தாது.' அவ்வளவுதான்டா எழுதினேன்! முதலாளி என்னத்த நெனைச்சாரோ, நான் வெளிய கால் வைக்கிறேன், பின்னாடி டர்ர்ர்ர்னு ஷட்டர் விழுது... ரெண்டாவது கடையா? படியே ஏறலை, அதுக்குள்ள டர்ர்ர். போன்ல சொல்லிக்கிட்டானுங்க போல. அப்புறம் நான் சும்மா நடந்தேன். வெறுமனே நடந்தேன்டா. ரெண்டு பக்கமும் டர்ரு டர்ருன்னு... இந்த ஊர் ராஜா படையெடுத்துப் போனப்பகூட இவ்வளவு சத்தம் வந்திருக்காது... என்னது?... வகுத்துட்டியா? பத்தால வகுத்துட்டியா!"

குடும்பத்தில் அது மச்சான் கணக்கு. அத்தான் எந்த எண்ணைச் சொன்னாலும் பத்தால் வகுப்பான். மீதி வந்தால் அதையும் தள்ளிவிடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஏதோ ஒரு சட்டியில் தவளை கிடந்ததாக ஆய்வாளர் சொன்ன கதை, பத்து வருஷத்தில் வளர்ந்து வளர்ந்து முதலையாகியிருந்தது.

"இல்லடா... நான் கோட்டையைச் சுத்திப் பார்த்துட்டு உன் வேலையை மறந்துட்டேன்னு நெனைக்கிறே. அதை மறைக்கக் கதை விடறேன்னு நெனைக்கிறே. அதானே?... சரி, எங்க வர்றீங்க இப்ப?... பாலம் தாண்டியாச்சா! அப்ப அடுத்தது பெட்ரோல் பங்க் முக்கு. அங்க இடது பக்கம் திரும்பு... நேராப் போகாதே. நேராப் போனா மறுபடி அந்த நெடுஞ்சாலைக் கடைதான். காலையில அந்த மாதிரி ஒரு கடையிலதானே ரெண்டு பேருக்கு வயிறு கலங்குச்சு?... பஸ்ல வர்ற ஹெட்மாஸ்டரம்மா என்ன சொன்னாங்கன்னு நீதானே போன்ல சொன்னே, ஞாபகம் இருக்கா? இன்னொரு வேளை இப்படி ஆச்சுன்னா பஸ்ஸை வீட்டுக்குத் திருப்புன்னாங்கள்ல? அவங்க திருப்பினா உன் முதல் டூர்தான் கடைசி டூர்... கேளு, கேளு, நான் முடிச்சுக்கறேன். ஒரு கடை மூடலை... ஆமா. நாப்பது மூடுச்சு, ஒண்ணு மூடலை."

தெருவின் கடைசியில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடை. ஆய்வாளர் பேசிக்கொண்டே அதன் படிக்கு வந்துவிட்டார். உள்ளே கடைக்காரம்மா பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, கை இரண்டையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மூடலைன்னு கேளு... மடியில கனம் இல்லடா, அதான். பயந்தவன் மூடினான், பயப்படாதவங்க மூடலை. எனக்கு நாப்பது கடைக்கு ரிப்போர்ட் எழுதற வேலை மிச்சம். நான் உள்ள நுழைஞ்சா, அந்தம்மா 'வாங்க'ன்னு கூடச் சொல்லலை. 'செருப்பைக் கழட்டுங்க, முழங்கை வரைக்கும் கழுவுங்க, நகத்தைக் காட்டுங்க'ன்னாங்க... நகத்தைடா! முப்பத்திநாலு வருஷத்துல என் நகத்தைப் பார்த்த மொத ஆள்... காட்டினேன். கட்டை விரல்ல கொஞ்சம் மை இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி கழுவினேன். அப்புறந்தான் மேசைக்கே விட்டாங்க. விளிம்புக்கு அடியில விரலை விட்டேன். இழுத்தேன். மோந்தேன்... சோப்பு வாசனைடா மச்சான். வெறும் சோப்பு."

கடைக்காரம்மா கரண்டியால் கடிகாரத்தைக் காட்டினார். ஆட்கள் வருவது உறுதியா என்று ஏற்கனவே இரண்டு முறை கேட்டாயிற்று. சொன்ன எண்ணுக்குத்தான் சமைப்பாராம்; பாதியில் வேண்டாம் என்றால் அந்த ஆளுக்கு இந்த வாசற்படி கிடையாதாம்.

"டேய், ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே... இருபத்திரண்டு பேர்னு நான் வாக்குக் குடுத்துட்டேன்... ஆமா, உன்னைக் கேக்காமத்தான். உலை கொதிக்குது. காய் நறுக்கியாச்சு... கத்தாதே. கத்தாதேடா, அந்தம்மாவுக்குக் கேக்கும்... என்ன, முக்கு தெரியுதா? பங்க் தெரியுதா? டிரைவர்கிட்ட 'இடது'ன்னு சொல்லு. சொல்லு!... நேராவா? வேண்டாம். மச்சான்... மச்சான், ஒரு நிமிஷம்."

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். அவருடைய குரலிலிருந்த குதியாட்டம் மொத்தமும் இறங்கிவிட்டது.

"அந்த முதலை தவளைதான்... இல்ல, தவளையும் இல்ல. தவளைக்குஞ்சு. செத்தது... ஆமா, நான் சொல்றதுல முக்காவாசி கப்சா, ஒத்துக்கறேன். மிச்சம் கால்வாசிக்குக் கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பேன். ஆனா இருபத்திரண்டு பேர் வயித்துல நான் விளையாட மாட்டேன். அது என் வேலைடா... ஒரே ஒரு தடவை வகுக்காம கேளேன்... ஹலோ?... ஹலோ?... யாரு... நீயா!"

மறுமுனையில் போன், பஸ்ஸில் கூட வந்த அவர் மனைவியின் கைக்கு மாறியிருந்தது. ஆய்வாளரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஆமாம்மா... போட்டுட்டேன், காலையிலேயே போட்டுட்டேன் மாத்திரை... தொப்பி போட்டுத்தான் நடந்தேன்... ஆமா. மேசைக்கு அடியில. மோந்தும் பார்த்தேன்... தெரியும்மா, நம்ம வீட்டுலயும் பண்றேன்தான். கல்யாணமான மறுநாள் உங்க வீட்டு அடுப்பு மேடையில பண்ணினதை இன்னுமா மறக்கலை நீ?... ஆமா, அன்னிக்கு உங்கம்மா கதவைச் சாத்திக்கிட்டாங்கதான்... அப்ப நீ நம்புறே! நம்புறியாம்மா?... சரி, சரி. அவன்கிட்ட 'திருப்பு'ன்னு சொல்லு. நீ சொன்னா டிரைவரே கேப்பாரு... திருப்பிட்டாரா? இடதுதானே?... அப்பாடா! போனை வைக்காதே, அவன்கிட்டக் குடு."

நெற்றியைத் துடைத்துக்கொண்டு கடைக்காரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் பன்னிரண்டு நாற்காலிகளை உள்ளேயும் பத்தைப் பின்முற்றத்து நிழலிலும் போடத் தொடங்கினார்.

"மச்சான்?... என்னடா முறைப்பு, போன்லயே தெரியுது... ஆமா, அக்கா சொன்னா திரும்பறே, அத்தான் சொன்னாத் திரும்ப மாட்டே. இருக்கட்டும், இருக்கட்டும். உன் சந்தேகத்தை முடிச்சுக்கிட்டே உள்ள வா. கோட்டை வாசல்ல டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லு. நீ ஜன்னல் வழியா எண்ணு. வாய்விட்டு எண்ணு, எனக்குக் கேக்கணும்..."

தெருமுனையில் பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. ஆமை வேகத்தில் உள்ளே வந்தது. ஜன்னலுக்கு ஒன்றாக இருபத்திரண்டு தலைகள். முன்கதவுப் படியில் போனும் கையுமாக மச்சான், ஒவ்வொரு ஷட்டரையும் விரல் நீட்டி எண்ணிக்கொண்டு.

"ஏழு... ஆமா, எட்டு. அந்தப் பச்சை ஷட்டர்தான் மொதக் கடை, தட்டு உடைஞ்ச கடை... பத்தொன்பது... ஏன்டா குரல் இறங்குது?... முப்பத்தி ரெண்டு... கடைசி ஜூஸ் கடையையும் சேர்த்துக்கோ, அவன்தான் ஷட்டரைப் போட்டுட்டுச் சைக்கிள்லயே ஓடிட்டான்... முடிஞ்சுதா? எத்தனை?... இன்னொரு தடவை சொல்லு... நாப்பத்தொண்ணா?"

ஆய்வாளர் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு குறைச்சுச் சொல்லிட்டேனா நான்?... பொறந்ததுல இருந்து இப்படி ஒரு தப்புப் பண்ணினதில்லையேடா! வெளிய சொல்லிடாதே, மானம் போயிடும்... சரி, எல்லாரையும் இறக்கு. வரிசையா வரட்டும், நகத்தைக் காட்டாம ஒருத்தருக்கும் தட்டு கிடையாது, ஹெட்மாஸ்டரம்மாவுக்கும் சேர்த்துத்தான். ஆனா நீ மட்டும் இறங்காதே. மொதல்ல சொல்லு. நடந்துச்சா, நடக்கலையா?... காதுல விழலை... 'நடந்துச்சு'ங்கிறியா? இப்படி முணுமுணுத்தா எப்படி? பஸ்ல மைக் இருக்குல்ல? அதுல சொல்லு... அக்கா பக்கத்துலதானே இருக்கா, எடுத்துக் குடுப்பா. வாங்கு... ம், சொல்லு."

பஸ்ஸின் மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, அந்த ஒற்றை வார்த்தை மூடிக்கிடந்த நாற்பத்தொரு ஷட்டர்களிலும் மோதித் தெருவெல்லாம் உருண்டது. ஆய்வாளர் போனை அணைத்து, கை கழுவ உள்ளே போனார்.