இடது கால் கயிறு

எனக்கு முடிச்சு போடறதுல நல்ல கைங்க. திண்டிவனத்துல மல்லாட்டை மண்டியில பதினாலு வருஷமா மூட்டை தைக்கறேன். நான் தைச்ச மூட்டை மெட்ராஸ் போய் எறங்கற வரைக்கும் ஒரு கடலைக்கொட்டை சிந்தினதுன்னு யாரும் சொன்னது கெடையாது. பேரு மாசிலாமணி. நீங்க எழுதிக்கினே வாங்க ஐயா, நான் நிதானமாவே சொல்றேன். எனக்கு ஒண்ணும் ஜல்தி இல்ல.

எங்க ஊரு சடுகுடு ஜமாவுக்குத் தலைவரு விருத்தாசலம். நெலம் நீச்சு உள்ள குடும்பம். மூச்சைப் புடிச்சிக்கினு எதிர் பக்கம் போனாருன்னா மூணு பேரைத் தொட்டுட்டுத்தான் திரும்புவாரு. அஞ்சு வருஷம் முந்தி ஒரு பந்தயத்துல அவருக்குக் கால் பெசகிச்சு. மைதானத்தோரம் வேடிக்கை பாத்துக்கினு இருந்த என்னைக் கூப்ட்டு, இறுக்கிக் கட்டுடான்னாங்க. இடது முழங்காலுக்குக் கீழே கருப்புக் கயிறு, ரெட்டை முடிச்சு. அன்னிக்கு ஜெயிச்சாங்க. அடுத்த பந்தயத்துக்கும் என்னையே கூப்ட்டாங்க. அதுலேருந்து மாசிலாமணி கை ராசிக்கைன்னு ஆயிப்போச்சு.

மத்த நாள்ல நான் எதிர்ல வந்தா, அவரு தோள்துண்டு என் மேல படாம சுருட்டிப் புடிச்சிக்குவாரு. பந்தயத்தன்னிக்கு மட்டும் காலைக் கொண்ணாந்து என் மடியில நீட்டுவாரு. கொறையா சொல்லலீங்க. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்தது.

ஜமாவுல ஆளுக்கொரு பைத்தியம். சின்னதுரை பந்தயத்துக்கு ஒரு வாரம் மொகத்துல கத்தி வெக்க மாட்டான். சீனுவாசன் கேப்பைக் கூழைத் தவிர வேற எதையும் தொட மாட்டான். அதே மாதிரி இன்னொரு சட்டமும் இருந்தது. பந்தயத்தன்னிக்கு ஆட்டம் முடியற வரைக்கும் யாருக்கும் வெளி சேதி எதுவும் வரக்கூடாது. கடுதாசி வந்தாலும் பிரிக்கக்கூடாது. தலைவரு வாங்கி இடுப்புல சொருகிக்குவாரு. ஆட்டம் முடிஞ்சாத்தான் குடுப்பாரு.

போன வருஷம் மாசியில விழுப்புரத்துல கடைசி ஆட்டம். நாங்க காலையிலயே போயிட்டோம். எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, அம்மணின்னு, ஆறு வயசு. நான் கெளம்பும்போது லேசா தொண்டை வலின்னா. மூட்டை தைக்கற சணல்ல நான் முடிச்சு போட்டுக் குடுப்பேன், அவ ஒக்காந்து அவுத்துக்கினு இருப்பா. அதான் அவளுக்கு வெளையாட்டு. என் முடிச்சை அவுக்கத் தெரிஞ்சவ ஒலகத்துல அவ ஒருத்திதாங்க. அன்னிக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுத்தான் போனேன்.

பதினோரு மணிக்கு என் பேருக்குத் தந்தி வந்துது. எங்க மாதா கோயில் சாமியார் குடுத்தது. 'கொழந்தைக்கு மூச்சு முட்டுது, ஒடனே வா' அவ்ளோதான். பன்னண்டரைக்குத் திண்டிவனத்துக்கு ரயில் இருந்தது. அதுல ஏறியிருந்தா ரெண்டு மணிக்கு வூட்ல இருந்திருப்பேன். தந்தி விருத்தாசலத்தோட இடுப்புல இருந்தது. நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பிச்சு, கோப்பையை வாங்கி, எனக்கும் ஒரு மாலையைப் போட்டு, அதுக்கப்புறம் அதை எடுத்துக் கையில குடுத்தாரு. வேர்வையில நனைஞ்சு நமுத்துக் கெடந்தது காயிதம்.

நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. அஞ்சு மணிக்குப் போச்சாம் உசுரு. அந்த முடிச்சு அவ கைக்குள்ளயே இருந்தது, பாதி அவுத்திருந்தா. என் சம்சாரம் லூர்துமேரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "தந்தி எப்பய்யா ஒன் கைக்கு வந்துது?" ஆட்டம் முடிஞ்சுதான் வந்துதுன்னேன். அது பொய்யில்லீங்க. அவ மண்ணை வாரித் தூத்தி, "அந்த மனுஷன் காலு வெளங்காமப் போவ"ன்னா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேச்சைக் கொறைச்சிக்கிட்டா. சோறு போடுவா, தண்ணி வெப்பா, மொகத்தைப் பாக்க மாட்டா.

எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லீங்க. ஒரு வருஷம் அவரு மண்டிப் பக்கம் வரும்போதெல்லாம் கோணி ஊசியை இறுக்கிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருப்பேன். குத்திட்டு ஓடறது பெரிய காரியம் இல்ல. ஆனா லூர்துமேரி கேட்டது அவரு காலை.

இந்த வருஷம் ஒம்பது நாள்ல நாலு ஆட்டம். கட்டின கயிறு கோப்பை வாங்கற வரைக்கும் எறங்கக்கூடாதுன்னு அவரே வேண்டிக்கிட்டாரு. பெருமுக்கல் மலை மேல பூசை போட்டு, கயித்தை ரெண்டு நாள் முந்தியே என்கிட்ட குடுத்துட்டாரு. நான் நாட்டு மருந்துக் கடையில சேராங்கொட்டை வாங்கினேன். வண்ணாருங்க துணிக்குக் குறி போடறது. அதோட பால் ஒடம்புல பட்டா தோலு வெந்துபோய் கொப்பளிக்கும். கயித்தை அதுல ஊறவெச்சுக் காயப்போட்டேன். கருப்புக் கயித்துல கருப்புப் பாலு, ஒண்ணும் தெரியல. காலையில கயித்து மேல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடறது வழக்கம். அந்த எண்ணெயிலயும் கலந்து, கோழி எறகால தொட்டுத் தடவினேன். அப்படியும் ஒரு தரம் என் விரல்ல பட்டுப்போச்சு. நீங்க மொதல்ல பாத்தது அந்தத் தழும்பைத்தான்.

மூணாம் நாள் அரிக்குதுடான்னாரு. சாமி கயிறு வேலை செய்யுதுங்கன்னேன். அஞ்சாம் நாள் கொப்பளம் ஒடைஞ்சு தண்ணி வடிஞ்சுது, மைதானத்து மண்ணும் சாணியும் அதுல அப்பிக்கிச்சு. நான் தப்பிக்க எடம் குடுக்காம செஞ்சேன்னு நெனைச்சுடாதீங்க. காலை மடியில வெச்சிக்கினு, "அவுத்துடட்டுங்களா?"ன்னு கேட்டேன். பல்லைக் கடிச்சிக்கினு, "ஆட்டம் முடியட்டும்டா"ன்னாரு. அந்த வார்த்தையை அவரு வாயால கேக்கணும்னுதாங்க நான் ஒரு வருஷமா காத்திருந்தேன். ஏழாம் நாளும் கேட்டேன். அப்பவும் அதையே சொன்னாரு. எனக்கு மனசு குளுந்துபோச்சு.

கடைசி ஆட்டம் அதே விழுப்புரம் மைதானம். ஜொரத்துல ஒடம்பு கொதிக்குது, கால் பூசணிக்காயாட்டம் வீங்கி, கயிறு சதைக்குள்ள பொதைஞ்சு கெடக்குது. அந்தக் காலோட போய் நாலு பேரைத் தொட்டாரு. கெட்டிக்கார மனுஷன், அதை மறைக்கக்கூடாது. கோட்டுக்குத் திரும்பி வந்துதான் வுழுந்தாரு. ஆஸ்பத்திரியில தொடையோட காலை எடுத்தாங்க. நாலாம் நாள் போயிட்டாரு. காலோட நிக்கும்னுதான் நெனைச்சேன். நின்னிருந்தாலும் சரிதான், நிக்காததும் சரிதான்.

அவரு தம்பி கண்ணையன் டேசனுக்குக் கொண்ணாந்து மேஜை மேல வெச்சிருக்கற கயிறு அதுதாங்க. முடிச்சு என்னுதுதான். நடுவுல கத்திரிச்சு எடுத்திருக்காங்க பாருங்க. அவுக்க முடிஞ்சிருக்காது.

சாவும்போது அவரு, "நான் அவனைக் கேட்டேனேடா"ன்னு சொல்லிக்கினே இருந்தாராம். அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்கறீங்க. அது அவசியமான்னு தெரியல. கேட்டதால சொல்றேன்.

சேதி கூடாதுங்கற சட்டம் நான் போட்டது. திருவெண்ணெய்நல்லூர் பந்தயத்துல ஒருத்தனுக்கு மாடு செத்த சேதி வந்து, அவன் மனசு ஒடிஞ்சு, ஆட்டம் போச்சு. இனிமே ஆட்டம் முடியற வரைக்கும் சேதியே வேணாம்ங்கன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லி அவங்க கேட்டது அது ஒண்ணுதாங்க. அன்னிக்கு விழுப்புரத்துல தந்திக்காரன் என் பேரைச் சொல்லிக் கூவினதும் என் காதுல வுழுந்தது. பகல்லயே கயிறு கட்டி முடிச்சுடறது வழக்கம், அவரு காலு என் மடியில இருந்தது. தந்தியைக் கையில வெச்சிக்கினு, "டேய், ஒனக்குத்தான் வந்திருக்குது, இந்த ஒரு தரம் பிரிச்சுடேன்"னாரு. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. நான் முடிச்சை இறுக்கிக்கினே, "ஆட்டம் முடியட்டும்ங்க"ன்னேன்.

ஆனா கேட்டுட்டா மட்டும் போதுமாங்க? பெரிய மனுஷன், இவன் சொன்னா சொல்லிட்டுப் போறான்னு ரெண்டு அறை வுட்டு என் கையில திணிச்சிருக்க வேணாம்? வேற எதுல என் பேச்சைக் கேட்டாரு அவரு, இதுல கேக்கறதுக்கு? அதனாலதான் செஞ்சேன். எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க.

வெளியில லூர்துமேரி ஒக்காந்திருக்கறா. எழுதினதை அவளுக்குப் படிச்சுக் காட்டுங்க ஐயா. கால் போனது வரைக்கும் படிங்க, அதுக்கு மேல வேணாம்.